எண்பத்து நான்கு விழுக்காடு

அத்தியாயம் பதினொன்று

ஜோமெல் திரும்பி வரவில்லை.

புயல் கரையைக் கடந்த மறுநாள், மழை விட்டும் விடாத பகலில், பைக்கில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன். மழைக்கோட்டில் ஓட்டை இருக்கிறது, யாராவது தைத்து வைத்தால் என்னவாம் என்று வாசலில் நின்று அம்மாவோடு சண்டை பிடித்தான். அதோடு சரி. இரவு போய், விடிந்து, லெகாஸ்பி நகரில் ரொட்டிக் கடைகள்கூடத் திறந்துவிட்டன. அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

அவனை அனுப்பியது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்கா. போன வாரம் நாம் விட்ட இடம் அதுதான்.

அந்த அக்கா ரெமெலின் வேலை பார்ப்பது தொலைபேசிக் கம்பெனியின் கண்காணிப்பு அறையில். சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் பிக்கோல் பகுதி முழுவதும் வரைபடமாக விரிந்திருக்கும். செல்போன் கோபுரத்துக்கு ஒரு புள்ளி. உயிரோடு இருக்கும் கோபுரம் பச்சை, செத்தது சிவப்பு. புயலுக்குப் பிறகு பாதித் திரை சிவப்பாகக் கிடந்தது.

எது எதனால் செத்தது என்று அறையில் உட்கார்ந்துகொண்டு யாரால் சொல்ல முடியும்? கேபிள் அறுந்தாலும் சிவப்பு, ஜெனரேட்டர் நின்றாலும் சிவப்பு, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தாலும் அதே சிவப்பு. அதைச் சொல்வதற்குத்தான் குறிகாரி இருக்கிறாள்.

குறிகாரி என்பது ஒரு கணினி நிரல். கம்பெனி அதற்கு வைத்த பெயர் நீளமானது. அறையில் யாரும் அதைச் சொல்வதில்லை. செத்துப்போன கோபுரத்திலிருந்து கடைசியாக வந்த எச்சரிக்கைகளை அவள் பொறுக்கி எடுப்பாள். புயலில் பாதி எச்சரிக்கை வந்தே சேராது. வந்ததை வைத்துக்கொண்டு, இதே கோபுரம் முன்பெல்லாம் எதனால் படுத்தது என்று பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை இது, இத்தனை அது என்று சொல்வாள். நிச்சயம் என்று அவள் ஒருநாளும் சொன்னது கிடையாது. அப்படி எடுத்துக்கொண்டது நம் ஆட்கள்தான்.

கபுராயன் மலைக் கோபுரத்துக்கு அவள் சொன்னது இது: மின்சாரம் எண்பத்து நான்கு விழுக்காடு, கேபிள் ஒன்பது, மிச்சம் தெரியாது.

ரெமெலின் பட்டனை அழுத்தினாள். ஜெனரேட்டரைப் பார்க்கச் சொல்லும் உத்தரவு அந்த வட்டாரப் பழுதுக் குழுவுக்குப் போனது. குழுவின் தலைவன் அரிஸ்டன், அவள் புருஷன். குழுவில் அன்று சும்மா இருந்த ஒரே ஆள் ஜோமெல். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே கம்பியில் தொங்கினால் இதுதான் வசதி. யார் யாரை அனுப்பினார்கள் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

*

காலையில் மாகாண மீட்புக் குழு கம்பெனிக்குப் போன் செய்தது. கையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு லாரி, ஒரு குழு. ஆள் எந்தப் பக்கம் போனான் என்று சொன்னால் கிளம்பிவிடுவார்கள்.

கபுராயன் சாலை தேவாலயத்துக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் மலையேறினால் கோபுரம். வலது பக்கம் இறங்கினால் அனோங் பள்ளம். அங்கே ஒரு பாலம். கோபுரத்துக்குப் போகும் கேபிள் அந்தப் பாலத்தின் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓடையைத் தாண்டுகிறது. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் கபுராயன் கோபுரத்தை விட்டால் வேறு எந்தக் கோபுரமும் எட்டாது. அதுவும் செத்துக் கிடந்ததால் போனும் செத்த மாதிரிதான். மீட்புக் குழுவின் வயர்லெஸ்கூட அங்கிருந்து வெளியே வராது.

அறையின் தலைவர் இன்ஜினியர் ஒபியாஸ் உத்தரவை எடுத்துப் பார்த்தார். ஜெனரேட்டர் என்று இருந்தது. ஜெனரேட்டர் இருப்பது கோபுரத்தடியில்.

"கோபுரம்தான். இடது பக்கம்" என்றார்.

வழிகாட்டுவதற்கு அரிஸ்டன் லாரியில் ஏறிக்கொண்டான். லாரி இடது பக்கம் போனது.

ஒபியாஸ் கெட்ட மனிதர் இல்லை. மற்றவர்களின் தப்புக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டு, ஆதாரம் இல்லாமல் தலையாட்டக்கூடப் பயப்படுகிறவர். அவ்வளவுதான்.

*

பகல் ஏறிக்கொண்டிருந்தபோது ரெமெலினின் அம்மா கிரிசந்தா படியேறி வந்தாள். வெளியாட்கள் வரக்கூடாத மாடி அது. ஆனால் பண்டிகைக்குப் பண்டிகை அவள் சமைத்துக் கொண்டுவரும் பினாங்கட்டைத் தின்று வளர்ந்த காவலாளி, இந்த அம்மாளை எப்படித் தடுப்பான்? ஒரு கையில் இஞ்சிக் கஷாய பிளாஸ்க், மறு கையில் ஒரு பொட்டலம் ரொட்டி. முழங்கால் வரை சேறு.

"என்னடி, உங்க குறிகாரி என்ன சொல்றா?"

"கோபுரத்துக்குப் போய்க்கிட்டிருக்காங்கம்மா. வழியெல்லாம் மண்ணு சரிஞ்சு கெடக்காம். அதான் மெதுவாப் போறாங்க."

"அவ அவ்ளோ கெட்டிக்காரின்னா எனக்கு லாட்டரிக்கு நம்பர் சொல்லச் சொல்லு. ஒரு கோழி நேந்துக்கறேன்." சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிளாஸ்கைத் திறக்கப் பார்த்தாள், மூடி சுழலவில்லை. ரெமெலின் வாங்கித் திறந்து கொடுத்தாள்.

"வீடு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? ஜோமெல் ரூம்பு பூரா தண்ணி. கூரைத் தகரம் ஒன்னு பக்கத்து வீட்டு மரத்துல தொங்குது. அவனோட அந்த ஒட்டுற மெஷின் நனைஞ்சா வந்து எம்மேல பாய்வானேன்னு கட்டிலுக்கடியில கைய விட்டேன். பொட்டியக் காணோம்."

ரெமெலின் தலை நிமிர்ந்தாள்.

"பொட்டி இல்லையா?"

"அதான் சொல்றனே. எடுத்துட்டுப் போயிட்டான் போல. மழைல நனையாம இருக்கணும்னு என்னோட நல்ல மேசை விரிப்ப வேற சுத்தி எடுத்துட்டுப் போயிருக்கான் கழுத. வரட்டும், பேசிக்கறேன்."

கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழைகளை ஒட்டுகிற மெஷின் அது. முடியை விட மெல்லிய இழை. ஒட்டுகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். அந்தப் பெட்டியை ஜோமெல் அக்கா மகளைக்கூடத் தொட விடமாட்டான். ஜெனரேட்டரைப் பார்க்கப் போகிறவனுக்கு அது எதற்கு? டீசல் போதும், ஸ்பானர் போதும்.

மழையில், பைக்கில், அவ்வளவு கனமான பெட்டியை யாரும் சும்மா தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். அவன் கேபிளை ஒட்டத்தான் போயிருக்கிறான்.

ரெமெலின் கபுராயன் கோபுரத்தின் பழைய பதிவுகளைத் திறந்தாள். குறிகாரி புரட்டிப் பார்த்த அதே பதிவுகள். மேலிருந்து கீழ்வரை ஒரே வார்த்தை. மின்சாரம். மின்சாரம். மின்சாரம். போன மழைக்காலம், அதற்கு முந்தின மழைக்காலம், நடுவில் வந்த காற்றுக்காலம், எல்லாம் மின்சாரம். ஒவ்வொன்றையும் வேலை முடிந்தது என்று மூடியவர் பெயர் பக்கத்தில் இருந்தது.

அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன் பெயர்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் செல்போனை எடுத்தாள்.

*

"டோனியிங், எங்க இருக்க?" வீட்டில் அரிஸ்டனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பாதி மலை ஏறியாச்சு." அரிஸ்டனுக்குப் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. "இங்க ஒரு சரிவு. வெட்டி வழி பண்றானுங்க. கொஞ்சம் நேரமாகும். அத்தை எப்படி இருக்காங்க?"

"அத விடு. ஒன்னு கேக்கறேன், பதில் சொல்லு. கபுராயன்ல கடைசியா ஜெனரேட்டர் எப்பக் கெட்டுச்சு?"

"இப்ப எதுக்கு அது?"

"எப்பக் கெட்டுச்சு?"

மண்வெட்டிச் சத்தம் தள்ளிப் போனது. அவன் ஆட்களை விட்டு விலகி நடக்கிறான் என்று புரிந்தது.

"கெட்டதே இல்ல" என்றான்.

ரெமெலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பதிவெல்லாம்?"

"பாலம். ஒவ்வொரு தடவையும் பாலம்தான். காத்து அடிச்சா அங்க கேபிள் உரசி அறுந்துரும். ஒட்டிட்டு அபாகா நார்க் கயித்தால இழுத்துக் கட்டிட்டு வந்துருவோம். அடுத்த காத்துக்கு மறுபடியும் அறுந்துரும்."

"மின்சாரம்னு எதுக்குப் போட்ட?"

"எல்லாரும்தான் போடறாங்க மெலின்! கேபிள்னு போட்டா அந்த ஆப் போட்டோ கேக்குது. மீட்டர் அளவு கேக்குது. ஊர்த் தலைவர் கையெழுத்து கேக்குது. அந்த ஆளு எப்பப் பாத்தாலும் சேவல் சண்டைல இருப்பான், எங்க போய்ப் புடிக்கறது? மின்சாரம் மொத வரில இருக்கு. ஒரு தட்டு தட்டினா வேலை முடிஞ்சுது. இந்த மாகாணத்துல எந்தக் குழுவ வேணா கேட்டுப் பாரு."

கேட்க வேண்டியதில்லை. அவளுக்கே தெரியும். வேலை முடிந்த அலுப்பில், நனைந்த விரலால், ஆட்கள் தட்டுகிற அந்த ஒரு தட்டு. அதை இந்த அறையில் யாரும் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் குறிகாரி நினைத்தாள். மனிதர்கள் சொல்வதை அப்படியே நம்புகிற ஒரே ஜீவன் அவள். நம்பி நம்பித்தான் எண்பத்து நான்குக்கு வந்து நின்றாள்.

"ஜோமெலுக்குத் தெரியுமா, எப்பவும் பாலம்தான்னு?"

"அவன்தானே ஒட்டறவன்."

"அப்ப சர்ச்சுகிட்ட எந்தப் பக்கம் திரும்பியிருப்பான்?"

அம்மா பக்கம் பார்த்துவிட்டு ரெமெலின் குரலைத் தாழ்த்தினாள்.

"டோனியிங், நீ அந்த லாரியிலதானே இருந்த? சர்ச்சத் தாண்டும்போது உன் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உத்தரவுல ஜெனரேட்டர்னு இருந்துச்சு. அதப் பாத்துட்டு மொதல்ல கோபுரத்துக்கே போயிருக்கலாம்ல. அப்படித்தான் நெனச்சேன்."

"நெனச்சியா, நெனைக்க ஆசப்பட்டியா?"

அவன் மூச்சு வாங்குவது கேட்டது. மழையும் கேட்டது.

"வண்டியத் திருப்பச் சொல்லு."

"ஏன்னு கேப்பாங்க மெலின். கேட்டா எல்லாம் வெளிய வரும். பொய்ப் பதிவுன்னு கான்ட்ராக்ட் போயிரும். என்னோட முடியாது, குழுவுல இருக்கற எல்லாரும் தெருவுக்கு வருவாங்க. நீ ஒபியாஸ்கிட்டப் பேசு. குறிகாரி மாத்திச் சொல்லிட்டா, பள்ளத்தப் பாக்கச் சொல்லுதுன்னு சொல்லு. அவர் ஃபோன் பண்ணினா இவங்க திருப்பிருவாங்க. நானா எதுவும் சொல்ல வேணாம்ல?"

பத்து வருஷமாக ஒரே கட்டிலில் படுத்த மனிதனின் குரல்தான். ரெமெலினுக்கு அது யாரோ தெரியாதவன் மாதிரி இருந்தது. அவள் போனை வைத்தாள்.

*

ஒபியாஸ் திரையைத்தான் காட்டினார்.

"எண்பத்தாறுக்கு ஏறியிருக்கு பாரும்மா. ராத்திரி பூரா அந்தக் கிராமங்களுக்குக் கரன்ட் இல்லன்னு செய்தி வந்திருக்கு. அதையும் சேத்துக் கணக்குப் போட்டிருக்கு. உன் தம்பிங்கறதால உனக்குப் பதட்டம். எனக்குப் புரியுது."

"அது நாம சொல்லிக் குடுத்த எண்பத்தாறு, இன்ஜினியர். கோபுரத்துல பேட்டரி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, கிராமத்துக்குக் கரன்ட் போனா அதுக்கென்ன? பழைய பதிவு அத்தனையும் பொய். எல்லாம் பாலத்துல அறுந்த கேபிள்."

"யார் சொன்னது?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலிலிருந்து அவர் மேசைக்கு நடந்து வந்த அந்தச் சின்ன தூரம் முழுக்க இதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் வந்தாள். குறிகாரி மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று புளுகலாம். ஆனால் எண்பத்தாறு என்று சுவரில் எரிகிறதே.

"மூடினவரே சொன்னார். அரிஸ்டன்."

ஒபியாஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டாமலே கையில் வைத்துக்கொண்டார்.

"ரெமெலின், மீட்புக் குழுவுக்கு நான் வாய்ல சொன்னாப் போதாது. கம்பெனி சொல்றதுன்னு எழுத்துல குடுக்கணும். ஏற்கெனவே ஒரு எடம் சொல்லிட்டோம். மாத்தறதுன்னா காரணம் எழுதணும். எழுதினா உன் வீட்டுக்காரர் பேரு வரும். நான் வேற எதுவும் எழுத முடியாது."

"எழுதுங்க."

"ஒரு நிமிஷம் யோசிச்சு…"

"யோசிக்கறதுக்குள்ள அங்க இருட்டிரும். எழுதுங்க, இன்ஜினியர்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம். கிரிசந்தா எழுந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அவள் மருமகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இஞ்சிக் கஷாயத்தை ஒரு கோப்பையில் ஊற்றி ஒபியாஸ் மேசையில் வைத்தாள்.

"குடிச்சிட்டு எழுதுங்க சார். கை நடுங்காம இருக்கும்."

ஒபியாஸ் குடிக்கவில்லை. எழுதினார்.

*

லாரி திரும்பியது. அதுவரை வெட்டிய வழியில் தட்டுத்தடுமாறி இறங்கியது. தேவாலயத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்புகிறோம் என்று குழுத் தலைவர் சொன்னதுதான் கடைசி. அதன்பிறகு பள்ளம் அவர்களை விழுங்கிவிட்டது. அரிஸ்டன் எண்ணும் கிடைக்கவில்லை.

காத்திருப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கிரிசந்தா ஜெபமாலையை உருட்டினாள். நடுநடுவே நிறுத்தி, மேசை விரிப்பைப் பற்றி முணுமுணுத்தாள். சேறு பட்டால் போகாதாம், வெளுக்கப் போட்டால் பூவெல்லாம் அழிந்துவிடுமாம். ரெமெலின் வேறு கோபுரங்களுக்கு உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தாள். குறிகாரி சொல்லச் சொல்ல அழுத்திக்கொண்டிருந்த விரல், இன்று ஒவ்வொன்றுக்கும் தயங்கியது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவன் நனைந்துகொண்டு நின்று பொய் தட்டியிருப்பானோ என்று தோன்றியது.

திடீரென்று அறையில் யாரோ கத்தினார்கள்.

"கபுராயன்! கபுராயன் பாரு!"

சுவரில், மலை விளிம்பில், ஒற்றைப் புள்ளி பச்சையாகியிருந்தது.

அறை முழுக்கக் கைதட்டல். தம்பியைக் காணோம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரோ வந்து ரெமெலினைக் கட்டிக்கொண்டார்கள். ஒபியாஸ்கூட எழுந்துவிட்டார்.

"கரன்ட் வந்துருச்சு போல" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"கரன்டா?" கிரிசந்தா சீறினாள். "எம் புள்ள ஒட்டிட்டான் சார்! மெஷின் எடுத்துட்டுப் போனான்ல? ஒட்டிட்டான். அவன் அப்படித்தான், எடுத்த வேலைய முடிக்காம சோறு எறங்காது அவனுக்கு." அவள் கன்னம் முழுக்கக் கண்ணீர். சிரித்துக்கொண்டே ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "எல்லாரும் எடுத்துக்கோங்க. எடுத்துக்கோங்க, ஆறிப்போச்சு, பரவால்ல."

ரெமெலினும் அழுதாள். பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி, விரிப்பைக் கூடாரம் கட்டி, மூச்சைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்த தம்பியை அவள் மனக்கண்ணால் பார்த்தாள். திட்ட வேண்டியது நிறைய இருந்தது. அவனை, தன்னை, எல்லோரையும்.

செல்போன் அடித்தது. அரிஸ்டன்.

"டோனியிங்! பச்சையாயிருச்சு, பாத்தோம்! அவன்கிட்டக் குடு!"

மறுமுனையில் ஓடைச் சத்தம் மட்டும்.

"குடு அவன்கிட்ட!"

"நான்தான் ஒட்டினேன் மெலின்."

"என்ன?"

"கேபிள. கடைசி இழைய நான் ஒட்டினேன். உங்கிட்டப் பேசணும்னா வேற வழியில்ல. இங்கேருந்து எந்த ஃபோனும் போகாது."

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த அம்மாவை ரெமெலின் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு."

"மண்ணு சரிஞ்சிருக்கு. பாலத்துக் கல்லு ஒன்னு கால் மேல. காலு மட்டும்தான் மெலின், வேற எங்கயும் அடியில்ல." அவன் குரல் உடைந்தது. "அதுக்கப்புறமும் ஒட்டியிருக்கான். மெஷின் கை எட்டற தூரத்துல இருந்திருக்கு. படுத்தபடியே ஒன்னொன்னா ஒட்டியிருக்கான். கோபுரம் வந்துட்டா ஃபோன் பண்ணிக் கூப்புடலாம்னு பாத்திருக்கான். மெஷின்ல சார்ஜ் தீர்ந்து போச்சு. ஒரே ஒரு இழைதான் பாக்கி. நான் லாரி பேட்டரில போட்டு…"

"அவன் எப்படி இருக்கான்?"

கேட்கக்கூடாத கேள்வி என்று கேட்கும்போதே தெரிந்தது.

"இல்ல மெலின். இல்ல."

அறையில் இன்னும் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் புள்ளி பச்சையாக எரிந்தது. உலகத்திலேயே அவளுக்குப் பிடிக்காத நிறம் இனி அதுதான்.

"எப்ப?" என்றாள்.

"நேத்தே போயிட்டான். நேத்து சாயங்காலமே இருக்கும். யாரு வந்திருந்தாலும்…"

அவன் முடிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. மீட்புக் குழுவில் யாரோ. கேட்கக்கூடாதவர்கள் கேட்பார்கள் என்று தெரியாமல், தன் கூட்டாளியிடம் சொன்ன குரல்.

"ஒடம்புல இன்னும் சூடு இருக்குடா. தொட்டுப் பாரு. வெரல்கூட வெறைக்கல. நாம வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்டா…"

அரிஸ்டனுக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது, இரண்டு பேருக்கும் கேட்டுவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மலைச் சரிவில் மண் வெட்டிக்கொண்டிருந்த நேரம். லாரி இடது பக்கம் ஏறிக்கொண்டிருந்த நேரம். அதெல்லாம் அவன் உயிரோடு படுத்திருந்த நேரம்.

"மெலின்" என்றான் அரிஸ்டன் மெதுவாக. "நேத்துன்னே சொல்லிரு. அத்தைக்காக. அவங்க தாங்கமாட்டாங்க."

கைதட்டல் எப்போதோ அடங்கியிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்து கிரிசந்தா ரொட்டியைக் கீழே வைத்தாள். மாவு ஒட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். ஒரு தாய்க்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒன்றைத் தவிர.

"வலிச்சுதாமா அவனுக்கு?" என்றாள். "எப்பப் போனானாம்?"

நேற்று என்று சொல்வது சுலபம். பதிவில் தட்டுகிற அந்த ஒரு தட்டு மாதிரி, ஒரு வார்த்தை போதும். எல்லோரும் அப்படித்தானே மூடுகிறார்கள். அம்மா நிம்மதியாக அழுவாள். வீடு அப்படியே இருக்கும். மகளுக்கு அப்பா இருப்பான், மேசையில் நான்கு தட்டு இருக்கும்.

ரெமெலின் போனைக் காதிலிருந்து எடுத்தாள். அணைக்கவில்லை. அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குத்தாம்மா. இப்பத்தான். கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் இருந்தான்."

கிரிசந்தா அழவில்லை. கண்ணை மூடித் திறந்தாள். இடது பக்கம், வலது பக்கம், மேசையில் ஒபியாஸ் எழுதிய தாள், அதிலிருந்த பெயர் என்று ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து நின்றது. பிறகு மகளின் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தாள்.

"அரிஸ்டன்" என்றாள், மருமகனை முதல் தடவையாக முழுப் பெயர் சொல்லி. "நீ கேட்டுக்கிட்டுத்தானே இருக்க? எம் புள்ளையத் தூக்கிட்டு நீயா வராத. வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்பு."

மறுமுனையில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பு நன்றாக, கொஞ்சம்கூட இரைச்சல் இல்லாமல் இருந்தது. அவன் அழுவது அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.